நகரி மலைச்சாரலில் – 3: எலும்பு ஊரும் குவாரியும்

புத்தூர் என்றால் தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு எலும்புதான் ஞாபகம் வரும். சப்தகிரி எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி ஸ்டேஷன் வாசலுக்கு வந்தோம். முதல் ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோளிலிருந்து விரல்நுனி வரை இரண்டு கையையும் பார்த்தார், பிறகு முழங்காலைப் பார்த்தார். "கையா, காலா?" என்றார்.

இரண்டும் சரியாக இருக்கின்றன, கைலாசகோனா அருவிக்குப் போகவேண்டும் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. அதற்குள் இன்னொருவர் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். போன இரண்டு பகுதிகளிலும் வந்த அதே வாத்தியார்தான். கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், இடது காலை லேசாக இழுத்து நடப்பார். "இடுப்பு எலும்பா சார்? எக்ஸ்ரே எடுத்தாந்தீங்களா?" என்று கேட்டு அவர் கைப்பையையும் வாங்கப் போனார் அந்த மனிதர்.

ஊரே அப்படித்தான் வாழ்கிறது. வேட்டைக்குப் போன ஒருவர், கால் ஒடிந்த முயலுக்குத் தற்செயலாக ஏதோ தழையைச் சுற்றிவைக்க, அது துள்ளி ஓடியதாம். அதிலிருந்து தொடங்கியதாம் புத்தூர் கட்டு. பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி, அவ்வளவுதான். பக்கத்து கிராமத்தில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் கட்டிவந்தது. இன்று சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை 'புத்தூர் கட்டு' போர்டு இல்லாத ஊர் இல்லை. அந்தப் போர்டுகளுக்கும் இந்த ஊருக்கும் எவ்வளவு சம்பந்தம் என்பதை முயல்தான் வந்து சொல்லவேண்டும். இறுக்கிக் கட்டியதில் ரத்த ஓட்டம் நின்று விரலை இழந்தவர்கள் கதையை எலும்பு டாக்டர்கள் சொல்வார்கள், கைப்பிடி சோறு வலியில்லாமல் அள்ளித் தின்கிறேன் என்று கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒடிந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்.

ஒருவழியாக மூன்றாவது ஆட்டோக்காரர் படிந்தார். வயது முப்பதுக்குள்தான். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். இந்தப் பக்கத்தில் அது அதிசயமில்லை. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று கோடு மாற்றி வரைந்தபோது திருத்தணி தமிழகப் பக்கம் வந்தது, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் போனது. வீடுகளும் சம்பந்தங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. 2022இல் புத்தூரைச் சித்தூரிலிருந்து பிரித்துப் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். ஆட்டோக்காரருக்கு அதனால் ஒரே மாற்றம்தானாம்: "கலெக்டர் ஆபீசுக்கு வேற பஸ்."

போகும் வழியில் வண்டியை மெதுவாக்கினார். "சார், அருவிக்கு முன்னாடியே பழைய சுண்ணாம்புக் குவாரி ஒண்ணு இருக்கு. வெள்ளக்காரன் காலத்துது. காட்டுக்குள்ள. யாருக்கும் தெரியாது. ஐந்நூறு சேத்துக் குடுங்க, காட்டறேன்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். "இந்த மலையில சுண்ணாம்பா? யாருப்பா சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

யாருக்கும் தெரியாத இடம் எப்படி எல்லாருக்கும் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பசி. நாராயணவனம் தாண்டிச் சாலையோரம் கீற்றுக் கொட்டகை ஒன்றில் நிறுத்தச் சொன்னோம். பத்மாவதியை வேங்கடவன் மணந்த ஊர் என்று புராணம் சொல்லும் நாராயணவனத்தைப் பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதவேண்டும் என்பது மரபு. கோயிலைத் தரிசித்தேன், கூட்டம் இல்லை, நன்றாக இருந்தது. எனக்கு எழுதவேண்டியது அந்தக் கொட்டகைச் சாப்பாட்டைத்தான்.

அறுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. நெற்றியில் ஒரு ரூபாய் அளவு குங்குமம். "சோறு இன்னும் வடிக்கல சார். சங்கட்டி இருக்குது" என்றார். ராகி சங்கட்டி. நம் ஊர்க் களிதான், ஆனால் உள்ளே குழைந்த அரிசிச் சோறு இருக்கும். பந்தாக உருட்டி இலையில் வைத்து, கட்டைவிரலால் நடுவே குழி செய்து, அதில் நெய் விட்டார். பக்கத்தில் நாட்டுக்கோழிப் புலுசு. எண்ணெய் மேலே மிதக்க, மிளகாய் காதுவரை போயிற்று. வேர்க்கடலையும் காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த ஒரு துவையல். இந்தத் துவையல் ஒன்றுக்காகவே இந்த மாவட்டத்தில் வீடு வாங்கலாம். சங்கட்டியை மெல்லக்கூடாது, விண்டு குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும். நான் மென்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே என் இலையில் இன்னொரு உருண்டை வைத்தார். தண்ணீர் வைத்த எவர்சில்வர் சொம்பு கண்ணாடியாகப் பளபளத்தது. தரையில் ஒரு பருக்கை இல்லை. சென்னையில் ஏசி போட்ட ஓட்டல்களில் மேஜையை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார்களே, அவர்களை இங்கே கொண்டுவந்து ஒரு வாரம் உட்காரவைக்கவேண்டும்.

வாத்தியார் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர், அடுப்பு மேடையருகே நின்றுவிட்டார். மேடை கறுப்புக் கடப்பா கல். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சொட்டு மருந்துக் குப்பி இருக்கும், உள்ளே நீர்த்த அமிலம். நாற்பது வருடப் பழக்கம். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். "இங்க பாரு. சுண்ணாம்புக் கல்லுன்னா எப்படி இருக்கும்னு காட்டறேன்." ஒரு சொட்டு விட்டார். கல் சுர்ரென்று நுரைத்தது. நுரை அடங்கியதும் கறுப்பு மேடையில் காலணா அளவுக்கு வெள்ளை வட்டம்.

அடுத்த பத்து நிமிடம் அந்த அம்மா பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை அச்சில் போட முடியாது. "எலுமிச்சம்பழம் அறுத்தாகூட கீழ பலகை வெச்சு அறுக்கறேன், கல்லு வெளுத்துடும்னு! இந்த பெத்த மனுசன் ஆசிட் ஊத்தறாரு!" வாத்தியார் தலை குனிந்து நின்றார். வகுப்பில் முப்பது வருடம் அவர் நடத்திய பாடம் அந்த அம்மாவின் வசவில் முழுசாக இருந்தது: கடப்பா கல் சுண்ணாம்புக் கல், புளிப்புப் பட்டால் கரையும், கரைந்தால் வாயு வரும். அதனால்தான் புளியும் எலுமிச்சையும் அதற்கு ஆகாது. லாரியில் பேத்தஞ்செர்லவிலிருந்து வந்த கல்லாம். கர்னூல் பக்கம். அங்கேதான் நிஜமான குவாரிகள். வெடி வேண்டாம், பலகை பலகையாகவே பெயர்ந்துவரும். தமிழ்நாட்டுச் சமையலறைகளும் அலமாரித் தட்டுகளும் அங்கிருந்து வந்தவைதான். வாத்தியார் நூறு ரூபாய் நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. "காசு வேணாம், எண்ணெ தேச்சு வுட்டுட்டுப் போங்க" என்றார். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லெண்ணெயும் துணியுமாக மேடையைத் தேய்த்தார். கறுப்பு ஓரளவு திரும்பியது, கோபமும் ஓரளவு தணிந்தது.

புறப்படும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேல போலீசோ ஃபாரஸ்டோ கேட்டா, டூரிஸ்ட்டுனு சொல்லுங்க. ஆதார் கையில வெச்சுக்கங்க. தமிழாளுங்கனா சந்தேகம்."

சொன்னபடியே நடந்தது. சாலை திரும்பும் இடத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையைக் காட்டினார். மரியாதையாகத்தான் பேசினார். பையைத் திறக்கச் சொன்னார், ஆதாரைப் பார்த்தார், பிறகு "கையக் காட்டுங்க சார்" என்று என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காலையில் ஆட்டோக்காரர் எலும்புக்காகப் பார்த்த அதே கை. கோடரி பிடித்த காய்ப்பு இருக்கிறதா என்று தேடுகிறார். பேனா பிடித்துத் தின்ற கையில் என்ன இருக்கும்? சிரித்துவிட்டு அனுப்பினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளர்வது அநேகமாக இந்தக் கடப்பா, சித்தூர், நெல்லூர் சுற்றுமலைகளில் மட்டும்தான். காய்ந்த, கல் நிறைந்த சரிவுதான் அதற்குப் பிடிக்கும். சீனாவில் நாற்காலி, மேஜை, ஜப்பானில் நரம்பு வாத்தியம் என்று அதற்குக் கிராக்கி. வெட்டுவதற்கு ஜவ்வாது மலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கூலிக்கு ஆள் கூட்டிவருகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் அப்படி வந்த தமிழர்கள் 20 பேரை ஆந்திரப் போலீஸின் தனிப்படை சுட்டுக் கொன்றது. மரத்தை விற்றுக் காசு பார்த்தவன் எவனும் அந்த இருபதில் இல்லை. சுற்றுலாக் கட்டுரையில் இது எதற்கு என்று ஆசிரியர் வெட்டக்கூடும். வெட்டாமல் விட்டால் நல்லது.

குவாரிக்கு வருவோம். சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம். ஈச்சம் புதர் உடம்பெல்லாம் கீறியது. ஒரு பள்ளம், ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்ட பாறை, அடியில் மழைத்தண்ணீர், அதில் மிதக்கும் இரண்டு பீர் பாட்டில். வெள்ளைக்காரன் காலத்தது பாட்டில் அல்ல என்பது மட்டும் நிச்சயம். வாத்தியார் குப்பியை எடுத்தார். சொட்டு விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சொட்டு விட்டதும் அது சும்மா வழிந்து ஓடியது. பாறையின் உடைந்த விளிம்பு வெயிலில் சர்க்கரையாக மின்னியது. "குவார்ட்சைட்" என்றார். "மணலு. கடற்கரை மணலு. அழுந்தி வெந்து பாறையாயிருக்கு. அமிலம் இதை ஒண்ணும் பண்ணாது. ரோட்டுக்கு ஜல்லி ஒடைச்சிருப்பாங்க."

ஆட்டோக்காரர் அசரவில்லை. "கல்லு கல்லுதானே சார்."

ஐந்நூறு கொடுத்தேன். பேரம் முடிந்தபிறகு பேசுவது அழகல்ல. ஆனால் அருவியில் காத்திருந்ததற்கு மேலும் இருநூறு கேட்டபோது கொடுக்கவில்லை, அவரும் அரைமணி நேரம் பேசவில்லை.

கைலாசகோனா நாற்பதடி உயரம் இருக்கும். டிசம்பர் மழை ஓய்ந்த நேரம், நல்ல தண்ணீர். பக்கத்திலேயே குகையில் சிவன். மூலிகைத் தண்ணீர் என்கிறார்கள். நான் நின்றபோது அதில் மூலிகையைவிட ஷாம்பு அதிகம். குளிப்பவர்கள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, தேய்த்து, உறையை அப்படியே தண்ணீரில் விடுகிறார்கள். நான்கடி தள்ளிக் குப்பைத்தொட்டி. குரங்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறது. பாறையைப் பார்த்தால்தான் மனம் ஆறும். ஏடு ஏடாக அடுக்கி, ஒரு பலகையில் அலை வரிகள். 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமில்லாத கடல் ஒன்றின் கரையில் தண்ணீர் கீறிய வரிகள் என்று வாத்தியார் காட்டினார். திருமலைச் சிலாதோரணமும் இந்தக் குடும்பத்துக் கல்தான். நகரி மூக்கு என்று கடலில் போகிற மாலுமிகளே அடையாளம் வைத்த அந்த முனையும் இதேதான்.

பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி எல்லாம் பஸ் ஜன்னலில் போயின. சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊத்துக்கோட்டையில் இரவு தங்கிய இடத்தின் தலையணை உறையைப் பற்றி எழுதினால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

மறுநாள் பூண்டி வழியாகக் குடியம் குகை. கிராமத்துப் பையன் ஒருவன் முன்னே நடக்க, முள்ளுக்காட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வாத்தியார் இந்த முறை குப்பியை எடுக்கவில்லை. குகை என்பது பெரிய பாறைத் தாழ்வாரம். கூரையிலும் சுவரிலும் கடலை உருண்டையில் கடலை பதிந்திருப்பதுபோல் கூழாங்கற்கள். நகரி, கடப்பா மலைகளிலிருந்து உடைந்து உருண்டு வந்த அதே குவார்ட்சைட்தான் இந்தக் கற்கள் என்றார். உண்மையான பழைய குவாரி இதுதான். கற்கால மனிதனுக்கு வெட்டும் வேலைகூட இல்லை. உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கி, தட்டி, கைக்கோடரி செய்துகொண்டான். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இந்தக் குடியத்துக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பலவற்றைப் பொறுக்கினார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே தோண்டி எடுத்த கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டது. கையில் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பார்த்தேன். பையன், "அத வெச்சுடுங்க சார், எடுத்துட்டுப் போனா ஃபாரஸ்ட் காரங்க திட்டுவாங்க" என்றான். வைத்துவிட்டேன். குகைச் சுவரில் காதலர் பெயர்கள் மட்டும் யாருடைய திட்டும் இல்லாமல் பத்திரமாக இருந்தன.

அடுத்த வாரம் அத்திரம்பாக்கம் என்று விளம்பரம் போட்டாயிற்று. வாத்தியார் சொல்வதைப் பார்த்தால் அங்கே கண்ணுக்குத் தெரிவது ஓடையும் வேலி போட்ட நிலமும்தான். இதற்கு மூன்று பக்கம் கேட்கிறார் ஆசிரியர். என் முழங்கால் வேறு வலிக்கிறது.