செக்ரோலும் ஸ்கீமாவும்

2006 வாக்கில் எனக்குக் கிரிட் பித்துப் பிடித்திருந்தது. ஈப்போவுக்கு அருகே ஒரு கல்விக்கூடத்தில், இரவில் சும்மா கிடக்கும் ஆய்வகக் கணினிகளை இணைத்து ஆராய்ச்சிக் கணக்குகளை ஓடவிடுவது என் வேலை. உண்மையைச் சொன்னால், அந்தக் கணக்குகளைவிட அவற்றை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகள்தான் எனக்குப் பிடித்திருந்தன. எந்தக் கணினியில் எந்த மென்பொருள், எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் என்று எழுதி வைத்துவிட்டால் மற்றதைக் கருவிகள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய காலம் அது.

தரநிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003இல் ஓஜிஎஸ்ஐ. அதைப் படித்து முடிப்பதற்குள் 2004இல் டபிள்யூஎஸ்ஆர்எஃப். வேலைகளை விவரிக்க 2005 நவம்பரில் ஜேஎஸ்டிஎல். பெயர்களை மனப்பாடம் செய்வதே தனிப் படிப்பு.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், இரவு அனுப்பிய வேலைகள் அத்தனையும் பாதியில் நின்றிருந்தன. வேலையை விவரித்த கோப்பு ஸ்கீமா சோதனையில் தேறியிருந்தது. கணினிகளை விவரித்த கோப்பும் தேறியிருந்தது. ஆனால் முதல் கோப்பு கேட்ட மென்பொருள் இரண்டாவது கோப்பில் பழைய பதிப்பாக இருந்தது. ஸ்கீமா ஒரு கோப்பின் வடிவத்தைத்தான் பார்க்கும். பக்கத்துக் கோப்பு என்ன சொல்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அப்பா ஞாபகத்துக்கு வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வருகைப் புத்தகமான செக்ரோலில் குறிப்பார். ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும்போது இன்னொரு புத்தகம். பிறகு இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "பேர் விழுந்திருக்கு, பால் எங்கம்மா?" என்று கேட்பார். எடை கூடுதலாகத் தெரிந்தால், அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக்கைப் பாலில் விடுவார். தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் புத்தகத்தையும் தனியாக அவர் நம்பியதில்லை. படித்த திமிரில் அதைச் சந்தேகப் புத்தி என்றே எண்ணியிருந்தேன்.

2007 மார்ச்சில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எச்பி உள்ளிட்ட நிறுவனங்கள் எஸ்எம்எல் என்ற மாதிரி மொழியை இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியிடம் கொடுத்தன. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவோடு அது இரண்டைச் சேர்த்தது: ஒரு கோப்பு இன்னொன்றைச் சுட்டும் வசதி, அந்தச் சுட்டல்களின்மேல் ஸ்கீமட்ரானில் எழுதும் விதிகள். "இந்த வேலை கேட்கும் பதிப்பு அந்தக் கணினியில் இருந்தாக வேண்டும்" என்று விதியாகவே எழுதலாம். அப்பாவின் மேசை எனக்குப் புரிந்ததே அந்த ஆவணத்தைப் படித்த பிறகுதான். முழு எஸ்எம்எல் கருவி எங்களிடம் இல்லை. ஸ்கீமட்ரான் விதிகளை மட்டும் நானே எழுதி, வேலைகளை அனுப்புமுன் ஓட்டினேன். அந்த வகைத் தவறுகள் சாயங்காலமே பிடிபட்டன.

2009 மே மாதம் எஸ்எம்எல் டபிள்யூ3சி பரிந்துரையானது. அதற்குள் எல்லாரும் கிளவுட் பக்கம் திரும்பியிருந்தார்கள். எஸ்எம்எல் பெரிதாகப் பரவவில்லை. கிளவுட் அமைப்புகளை விவரிக்க 2013இல் எக்ஸ்எம்எல்லாக வந்த டோஸ்காவுக்கு 2016இல் யாமல் வடிவமும் தரநிலையாயிற்று. நானும் இப்போது யாமல்தான் எழுதுகிறேன், விருப்பமில்லாமல். கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் நிரலை மட்டும் விடவில்லை. போன மாதம்கூட ஒன்றைப் பிடித்தது: ஒரு கோப்பில் போர்ட் எண்ணை மாற்றியிருந்தார்கள், மற்றதில் மாற்றவில்லை.