அந்த ‘பி’ எங்க ஊருங்க!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு உண்மையைச் சொல்றேன்... சிரிக்கக் கூடாது!

நமக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. சென்னை ஹாஸ்டலில் ஒரு ராத்திரி சினிமா க்விஸ். ‘‘தமிழ்ல முதல் டபுள் ஆக்ட் ஹீரோ யாரு?’’ என்றார் சீனியர். ‘‘சிவாஜி... உத்தமபுத்திரன்!’’ என்று முந்திக்கொண்டேன்.

‘‘படம் பேரு கரெக்ட். ஆனா, நீ சொல்றது 1958. அதே பேர்ல 1940-லயே பி.யு.சின்னப்பா நடிச்சுட்டார். அந்த ‘பி’ என்ன தெரியுமா? உங்க புதுக்கோட்டைதான்டா!’’

ஹாஸ்டலே சிரித்தது. செம அசடு!

மறுநாள் ஊருக்கு போன் போட்டேன். அப்பத்தா எப்பவும் ‘‘சாப்டியாய்யா?’’ என்று கேட்டுவிட்டு, போனை அப்பாகிட்ட கொடுத்துடும். அன்னிக்கு, ‘‘சின்னப்பா தெரியுமா அப்பத்தா?’’ என்றேன். அவ்வளவுதான்! டூரிங் கொட்டகையில் மணலைக் குவிச்சு உட்கார்ந்து ‘ஜகதலப்பிரதாபன்’ பார்த்த கதை, நடுவில் பாட்டு வேற... நாற்பது நிமிஷம்! ‘‘முப்பத்தஞ்சு வயசுலயே போய்ட்டாருய்யா மகராசன்’’ என்றபோது குரல் கம்மியது. 1951-ல் போனவருக்கு இன்னும் அழுகிறது அப்பத்தா.

வெற்றிலை இடிச்சுக்கிட்டே அது முனகுமே, அதெல்லாம் சின்னப்பா பாட்டாம். ‘‘ப்ச், டி.வி. கேக்கல’’ என்று அதட்டியவன் நான்தான். க்விஸ்ல தோத்தது வலிக்கலை. இது வலிச்சுது.

உங்க வீட்லயும் ஒரு அப்பத்தா இருப்பாங்க. ‘சாப்டியா’வுக்குப் பதில் சொல்லிட்டு, நீங்களும் ஒரு கேள்வி கேளுங்களேன்!