சாணார்பட்டிச் சாலையில்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது சாணார்பட்டி. எதிரே சிறுமலை நீலமாய் நிற்கிறது; செம்மண் மேட்டில் கறையான் புற்றுகள். இத்தகைய புற்றுகளைத் தோண்டி உண்டு பிழைக்கும் பிராணிதான் அழுங்கு. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி.

பகை கண்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையின் பல் அச்செதிலில் எளிதில் ஏறாது. மனிதனோ பந்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான்! செதில் தாய்ப்பால் பெருக்கும் என்பது சீன வைத்தியத்தின் பழைய நம்பிக்கை. உண்மையில் நம் விரல் நகத்திலுள்ள அதே கெரட்டின்தான் அது.

நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்துச் சட்டம் அழுங்கைக் காக்கிறது. 2020-இல் சீன அரசாங்கமே தன் மருந்து நூலின் சரக்குப் பட்டியலிலிருந்து செதிலை நீக்கிவிட்டது.

அன்பர்களே! வாரந்தோறும் வெட்டி எறியும் நகத்துக்காகவா ஓர் உயிரை வெட்டுவது?