பாரிஸில் ஒரு முகவரி

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ பிரான்ஸ் தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலமே யோசனைகள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். பெரியம்மா கம்பளிச் சட்டையைப் பற்றிப் பேசுவாள். எதிர்வீட்டு மாமா ஊறுகாய் ஜாடியை எப்படிக் கட்டினால் எண்ணெய் கசியாது என்று செய்தே காட்டிவிடுவார். பாட்டியோ, "அங்கே தயிர் கிடைக்குமோ என்னவோ?" என்று கவலைப்படுவாள். தயிருக்குப் பிரான்ஸில் பஞ்சமே இல்லை என்று பாட்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆனால், வாசகரே, அந்த ஊருக்குப் படிக்கப் போகிறவரை முதல் மாதத்தில் வாட்டுவது குளிர் அல்ல, காகிதம்! வாடகைக்கு அறை கேட்டால், "பாங்கிக் கணக்கு எங்கே?" என்பார்கள். பாங்கிக்குப் போனால், "குடியிருக்கும் முகவரிக்கு அத்தாட்சி எங்கே?" என்பார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான்! இந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு, ஹோட்டல் அறைக்கு நாள்தோறும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கல்விக் கடனில் வந்த பணம் இப்படிக் கரையலாமா? இந்தச் சக்கரத்தை உடைக்க வேண்டிய இடம் பாரிஸ் அல்ல, நம் ஊர். விமானம் ஏறுவதற்கு முன்பே அதை உடைத்துவிட வேண்டும்.

ஆகவே, முதலில் வீட்டுக் காரியங்களைப் பார்த்துவிடுவோம்.

பிரான்ஸுக்குப் போகும் இந்திய மாணவர், விசாவுக்கு முன்னால் 'கேம்பஸ் பிரான்ஸ்' என்ற அரசாங்க நிறுவனத்தின் வாசலைத் தாண்ட வேண்டும். இணையதளத்தில் விண்ணப்பம், பிறகு ஒரு நேர்முகப் பேட்டி. "ஏன் இந்தப் படிப்பு? ஏன் பிரான்ஸ்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் சொந்தமாக, நேராகப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். அடுத்தது பணம். மாதத்துக்குக் குறைந்தது 615 யூரோ வீதம் செலவுக்கு வழி உண்டு என்று விசாவுக்குக் காட்ட வேண்டும். இது விசாவுக்கான கணக்கே தவிர, பாரிஸில் வாழ்வதற்கான கணக்கு அல்ல. தலைநகரில் வாடகை ஒன்றே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். லியோன், துலூஸ், கிரெனோபிள் போன்ற ஊர்களில் அதே படிப்பு கிடைக்குமானால், வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாஷை? ஆங்கிலத்திலேயே பாடம் நடக்கிற வகுப்புகள் இப்போது ஏராளம். ஆனால் வீட்டுக்காரரும் பாங்கிக் குமாஸ்தாவும் ரொட்டிக் கடைக்காரரும் அந்த வகுப்பில் படித்தவர்கள் அல்லவே! புதுச்சேரியில் 1889-ஆம் ஆண்டு முதலும், சென்னையில் 1953-ஆம் ஆண்டு முதலும் 'அலியான்ஸ் பிரான்சேஸ்' இருந்து வருகிறது. ஆறு மாதமாவது அங்கே போய் உட்காரட்டும்.

அடுத்து, பிறப்புச் சான்றிதழ். தாய் தகப்பனார் பெயருடன் கூடிய சான்றிதழும், பிரெஞ்சு நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது; இனிஷியல்தான். பிரெஞ்சுக்காரருக்கோ குடும்பப் பெயர் இல்லாத மனிதரே இருக்க முடியாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயரைத்தான் பெரும்பாலும் எழுதியிருப்போம். அதனால் அங்கே காரியாலயத்தில், "திருமதி ராமசாமி!" என்று கூப்பிட்டால், எழுந்து போக வேண்டியது உங்கள் பெண்தான்! இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் பள்ளிச் சான்றிதழில் 'ஆர்.' என்றும், பாஸ்போர்ட்டில் 'ராமசாமி' என்றும், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்களிலும் இருந்தால் சிரிக்க முடியாது. எல்லாவற்றிலும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பெயரைச் சரிசெய்துகொண்டு புறப்படட்டும்.

இப்போது விமானம் ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதிக் காரியாலயம் மூடியிருந்தால், சாவி தருவதற்கு ஆள் இருக்காது.

ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போக, 'பி' லைன் என்ற ரயில் இருக்கிறது. 2025-இல் அதற்கு டிக்கெட் 13 யூரோ. இந்த ஒரே ரயில், படிக்க வருகிறவருக்கு வேண்டிய பாரிஸ் முழுவதையும் வரிசையாகக் காட்டிவிடுகிறது. நாமும் அதில் ஏறி உட்காருவோம்.

சுமார் அரை மணி நேரத்தில் 'கார் து நோர்' என்ற வடக்கு ரயில் நிலையம். இங்கே இறங்கிச் சற்று நடந்தால் லா ஷப்பேல். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மாவு, மல்லிகைப் பூ! கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து! 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் உழைத்து உண்டாக்கிய கடைவீதி இது. 1985-இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயமும் இந்தப் பக்கத்தில்தான். கோடைக் கடைசியில் பிள்ளையார் தேர் பாரிஸ் வீதியில் வரும்போது, நூற்றுக்கணக்கில் தேங்காய் உடைப்பதை வெள்ளைக்காரக் குழந்தைகள் கண் கொட்டாமல் பார்க்கின்றன.

இங்கே தெரிந்தவர் வீட்டில் சில வாரம் தங்குவதானால், அதையும் ஒரு முகவரியாக ஆக்கிக்கொள்ளலாம். 'இன்னார் என் வீட்டில் வசிக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல், அவர் பெயரில் உள்ள மின்சார பில் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான இடங்களில் முகவரிக்கு அத்தாட்சியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

மறுபடி ரயில். சேன் நதிக்கு அடியில் புகுந்து, சேன் மிஷேல் நிலையத்தில் நிற்கிறது. அடுத்தது லக்ஸம்பூர். இரண்டுக்கும் நடுவேதான் லத்தீன் பேட்டை. 1257-இல் ரோபேர் து சோர்போன் என்ற பாதிரியார் ஏழை மாணவர்களுக்காக ஸ்தாபித்த கல்லூரிதான் பிற்காலத்தில் ஸோர்போன் என்று உலகப் புகழ் பெற்றது. அக்காலத்தில் லத்தீனில் பாடம் நடந்ததால் பேட்டைக்கு அந்தப் பெயர்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸில் இருபதுக்குத்தான் மார்க். பத்து வாங்கினால் பாஸ், பன்னிரண்டு என்றால் பரவாயில்லை, பதினாலு நன்று, பதினாறு மிக நன்று! நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி வளர்ந்த பிள்ளை, "எனக்குப் பதின்மூன்று" என்று போனில் சொன்னால் பதறாதீர்கள். ஒரு சபாஷ் போடுங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கச் சர்வகலாசாலைகளில் உள்ளூர் மாணவருக்கு மிகக் குறைவு. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருகிறவருக்கு 2019 முதல் தனிக் கட்டணம் வைத்தார்கள்: பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770. அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் எத்தனையோ சர்வகலாசாலைகள் இதிலிருந்து விலக்குத் தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். தனியார் வர்த்தகக் கல்லூரிகளின் சம்பளம் இதைப் போலப் பல மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து நாம் இறங்க வேண்டியது, ஸித்தே யூனிவெர்ஸிதேர். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பெரிய பூங்கா. அதற்குள் வீடு வீடாக நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர் விடுதிகள். முதல் உலக மகா யுத்தத்துக்குப் பிறகு, பல தேசத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வசித்துப் பழகினால் இன்னொரு யுத்தம் வராது என்ற நம்பிக்கையில் 1925-இல் முதல் விடுதியைத் திறந்தார்கள். யுத்தம் வந்துதான் தீர்ந்தது. ஆனாலும் அந்த நம்பிக்கை இன்னும் நிற்கிறது. நம் 'இந்தியா இல்ல'த்தை 1968-இல் திறந்தார்கள். இங்கே பெரும்பாலும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்குத்தான் இடம். மற்றவர்கள் 'க்ரூஸ்' என்ற அரசாங்க மாணவர் நல அமைப்பின் விடுதிகளுக்கோ, கல்லூரியின் சொந்த விடுதிக்கோ மனுச் செய்யலாம். க்ரூஸ் நடத்தும் உணவுச் சாலையில் 2025-இல் முழுச் சாப்பாடு 3,30 யூரோ. மூவாயிரம் அல்ல, பயப்படாதீர்கள்! நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். மூன்று யூரோ முப்பது காசு, அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சக்கரத்துக்கு வருவோம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு மனுப் போட்டுவிட வேண்டும். விடுதி தருகிற வசிப்புச் சான்றிதழைக் காட்டினால் பாங்கிக் கணக்குத் திறக்கும். தனியார் அறையானால், வாடகைக்குப் பிரெஞ்சு ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். அதற்கு 'விஸால்' என்ற இலவச ஜாமீன் ஏற்பாடு இருக்கிறது. முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்கள் கேட்டுப் பெறலாம். எந்தப் பாங்கியும் கணக்குத் தர மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு 'பாங்க் து பிரான்ஸு'க்கு எழுதலாம். இன்ன பாங்கி கணக்குத் திறக்க வேண்டும் என்று அதுவே குறிப்பிட்டுவிடும். வாடகை வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். சாவி வாங்கும்போது சுவரில் உள்ள கீறல் வரை குறிப்பேட்டில் எழுதி, போட்டோவும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். 'அழகான அறை, குறைந்த வாடகை, நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று யாராவது எழுதினால், அது வீடல்ல, வலை!

போய்ச் சேர்ந்தபின் உடனே கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, மூன்று மாதத்துக்குள் விசாவை இணையதளத்தில் பதிவு செய்வது. இதைத் தவறவிட்டால் அங்கே இருப்பதே சட்ட விரோதம் ஆகிவிடும். இரண்டு, மாணவர் நலக் கட்டணம். கல்லூரியில் பெயர் பதிய இந்த ரசீது வேண்டும். 2025-26-இல் இது 105 யூரோ. மூன்று, தேசிய மருத்துவ இன்ஷூரன்ஸ். மாணவருக்குப் பதிவு இலவசம். சாதாரணமாக டாக்டர் கட்டணத்தில் நூற்றுக்கு எழுபது திரும்பி வரும். நம்முடைய பிறப்புச் சான்றிதழ் இங்கேதான் வேலை செய்கிறது. செலவைச் சமாளிக்க, ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. ஆனால் அந்த வருமானத்தை நம்பிக் கடனுக்குத் தவணை கட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

எந்தக் காரியாலய ஜன்னலுக்குப் போனாலும் முதலில் "போன்ழூர்" என்று ஒரு வணக்கம். அது இல்லாமல் விஷயத்தை ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும். சொல்லிப் பாருங்கள், பாதிக் காரியம் முடிந்த மாதிரி!

கடைசியாக, மிகச் சிறிய ஒரு விஷயம். அறைக்குள் நுழைந்து பெட்டியை இறக்கியதும் கீழே போய், வாசலில் உள்ள தபால் பெட்டிகளில் தம்முடையது எது என்று பார்த்து, அதன்மேல் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். பாங்கி அட்டை, மருத்துவ அட்டை, சர்க்கார் கடிதம் எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால், தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

தகப்பனார் பெயரும் தன் பெயருமாகச் சேர்த்து எழுதிய அந்தச் சின்னத் துண்டுக் காகிதத்தைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அன்று ராத்திரி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். உங்கள் பிள்ளைக்குப் பாரிஸில் ஒரு முகவரி கிடைத்துவிட்டது!