கூரையில் ஏறும் முன்

அரிசோனாவில் ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன ஊர் குவார்ட்ஸைட். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பாலைநிலம். மத்திய அரசின் நில நிர்வாகத் துறை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே ட்ரெய்லரை நிறுத்தி மாதக்கணக்கில் தங்க அனுமதி தருகிறது. வண்டிக்கு வண்டி கரண்ட் இணைப்பெல்லாம் கிடையாது, அவரவர் பேட்டரிதான் கதி. பனிக்காலத்தில் அங்கே நாலு பேர் கூடினால் பேச்சு சோலாரில் வந்து நிற்கும், அதிலும் பேனலில். எத்தனை வாட், என்ன விலை, எப்படி மாட்டினாய்? என் கட்சி வேறு. பேனல் கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

*

கடையிலிருந்து வரும் ட்ரெய்லர் பிளக்கில் செருகி வாழ்வதற்காகச் செய்யப்பட்டது. ஆர்.வி. பார்க்கில் 30 ஆம்ப் பிளக்கைச் செருகினால் கன்வெர்ட்டர் 120 வோல்ட்டை 12 ஆக்கி விளக்கு, பம்ப், ஃபேன் எல்லாவற்றையும் ஓட்டிக்கொள்ளும். பேட்டரிக்கு வேலையே இல்லை. அதனால்தான் விற்பவர்கள் இருப்பதிலேயே மலிவான ஒன்றை, பெரும்பாலும் குரூப் 24 அளவுள்ள ஒற்றைப் பேட்டரியை, முன்பக்கம் வைத்து அனுப்புகிறார்கள். எனக்கு விற்றவர் அதோடு கூரையில் ஒரு 100 வாட் பேனலையும் ஒட்டி 'ஆஃப்-கிரிட் பேக்கேஜ்' என்று பெயர் வைத்திருந்தார். பெயருக்கும் சேர்த்துத்தான் காசு.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பேட்டரி சுமார் 80 ஆம்ப்-அவர். லெட்-ஆசிட் ஆகையால் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆக கையில் 40. ஃபர்னஸ் எரிவது புரொப்பேனில் என்றாலும் சூட்டை உள்ளே தள்ளும் ஃபேன் 12 வோல்ட்டில் ஓடுவது. 8 ஆம்ப் இழுக்கும். பாலைவனத்துக் குளிர்கால இரவில் 12 மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடினாலும் 32 ஆம்ப்-அவர். விடியும்போது பம்ப் முனகும். சோலார் போதவில்லை என்று கூரையைப் பார்ப்பார்கள். பற்றாக்குறை கீழே இருக்கிறது.

*

முதல் காசு ஷன்ட்டுக்கு. பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் மாட்டும் ஒரு உலோகக் கட்டை அது. உள்ளே போவது, வெளியே வருவது எல்லாம் அதன் வழியே போய்த்தான் ஆக வேண்டும், அதனால் எண்ணி ஒரு திரையில் சொல்லிவிடும். மாட்டும்போது ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் ஒரு கேபிள் மட்டும்தான் இருக்கலாம். சேஸிஸ் கிரவுண்ட், சோலார் கன்ட்ரோலர், கன்வெர்ட்டர் என்று மற்ற நெகட்டிவ்கள் அத்தனையும் ஷன்ட்டின் மறுபக்கம். ஒரு மெல்லிய வயர் பழைய இடத்திலேயே தங்கிவிட்டாலும் அதன் வழியாகப் போவது கணக்கில் வராது. நாள் போகப்போக திரையில் தெரியும் சதவீதம் கற்பனையாகிவிடும்.

வோல்ட் மீட்டர் போதாதா என்பார்கள். லெட்-ஆசிட்டில் 12.7 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி. அதுவும் சார்ஜ், லோடு இரண்டும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்தால்தான். ட்ரெய்லரில் அந்த ஓய்வு எப்போது கிடைக்கிறது? லித்தியத்தில் இன்னும் மோசம். 13.2 காட்டுகிறது என்றால் 70 சதவீதமும் இருக்கலாம், 45 சதவீதமும் இருக்கலாம். அதன் வோல்டேஜ் சமதரை மாதிரி நீண்டு கடைசியில் சட்டென்று சரியும்.

ஷன்ட் வந்தபின் தெரிந்தவற்றில் பெரியது இன்வெர்ட்டரின் சும்மாத் தீனி. 2000 வாட் இன்வெர்ட்டரை ஒன்றும் செருகாமல் ஆன் செய்து வைத்தாலே ஒரு ஆம்ப்புக்கு மேல் போகிறது. ஒரு நாளைக்கு 24 ஆம்ப்-அவர், யாருக்கும் பயனில்லாமல். டிசம்பரில் தட்டையாகக் கிடக்கும் 200 வாட் பேனல் நாள் முழுக்கச் சம்பாதிப்பதே 40 ஆம்ப்-அவர் அளவில்தான். ஒரு சுவிட்சை அணைத்தால் ஒரு பேனல் மிச்சம்.

*

என் மனைவி அந்தத் திரையை என்னைவிட நன்றாகப் படிப்பாள். எலெக்ட்ரிக் கெட்டிலைப் போட்டதும் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, 140 ஆம்ப் இழுக்குது. கேஸ்லயே வெச்சுக்கறேன்." டிகாஷனுக்குத் தண்ணீர் அடுப்பில் ஏறியது. சூடு பண்ணும் எதையும் பேட்டரியில் செய்யாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

*

ஃப்ரிட்ஜ் விஷயம் தனி. பழைய ட்ரெய்லர்களில் இருப்பது கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் வகை. ஸ்வீடனில் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்தது. அசையும் பாகமே கிடையாது, கன்ட்ரோல் போர்டுக்கு மட்டும் கொஞ்சம் 12 வோல்ட் வேண்டும். இப்போது வருபவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வைக்கிறார்கள். நன்றாகக் குளிரும், வண்டி சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒரு நாளைக்கு 50 ஆம்ப்-அவர் சாதாரணமாகக் கேட்கும். ஃப்ரிட்ஜை மாற்றியவர்கள் பேட்டரியை மட்டும் பழையபடி விட்டது என்ன கணக்கோ.

*

லெட்-ஆசிட் பராமரிப்பு. மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈயத் தகடு வெளியே தெரிந்தால் மூடும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்ற வேண்டும், சார்ஜ் முடிந்தபின் மிச்சம். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது ஆசிட் பொங்கி வழியும். டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடிக்கு சமையல் சோடா கரைத்த நீர். மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், சோடா செல்லுக்குள் போனால் ஆசிட்டையே கெடுக்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் பேட்டரி சீக்கிரம் போகிறது என்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். பழைய வகைகள் பல 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். லெட்-ஆசிட் நிறைய 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகும். அப்படிச் சாகும் பேட்டரிகளுக்குப் பழி மட்டும் குளிர்மேல்.

லித்தியத்துக்குக் காசு இல்லாதவர்களுக்கு இன்னமும் நல்ல வழி, கோல்ஃப் வண்டிக்கு வரும் 6 வோல்ட் பேட்டரி இரண்டை சீரிஸில் போடுவது. ட்ரோஜன் டி-105 என்றால் 225 ஆம்ப்-அவர். தகடு தடிமன், உழைக்கும். கனமும் அப்படியே: ஒன்று 28 கிலோ.

*

லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட். இதன் வேர் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில். ஜான் குடினஃபின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வு. அதற்கும் முன்னால், 1980களில், ஆக்சைடை விட்டுவிட்டு சல்ஃபேட் போன்ற கூட்டு அயனிகளைக் கேத்தோடில் பயன்படுத்தினால் வோல்டேஜ் ஏறும் என்று குடினஃபுடன் சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற கிராமம், மதுரைப் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று படித்துப் போனவர். 2019இல் குடினஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். குவார்ட்ஸைட்டில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டும்போது இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. கேட்பவர்கள் விலையைக் கேட்கிறார்கள்.

குளிர்காலத்தில் இதன் நிஜமான லாபம் கனம் குறைவது அல்ல. லெட்-ஆசிட் கடைசி 20 சதவீதத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும், மணிக்கணக்காகும்; அதற்குள் சூரியன் இறங்கிவிடும். லித்தியம் கொடுத்ததைக் கொடுத்த வேகத்தில் வாங்கும். பாதியில் நின்றாலும் கெடாது. எப்போதாவது ஒருமுறை முழுக்க ஏற்றினால் செல்கள் சமமாகும், ஷன்ட்டின் கணக்கும் நேராகும்.

'பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும்' என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். பேட்டரிக்குள் காவல் இருக்கும் சர்க்யூட், அதாவது பி.எம்.எஸ்., நல்லதாக இருந்தால் அதைத் தடுக்கும், தடுத்தால் காலை வெயில் வீண். குவார்ட்ஸைட்டில் இது அபூர்வம், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃபில் பனிக்கால இரவுதோறும் நடக்கும். எனவே பேட்டரியை உள்ளே கொண்டுவருவார்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடாது என்பதால் கொண்டுவரலாம். ஆனால் இரண்டு கோல்ஃப் பேட்டரியை முன்முனையிலிருந்து எடுத்தால் ஹிட்ச் மேல் இருந்த பாரம் நன்றாகவே குறைகிறது. வண்டி எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இருக்க வேண்டும், குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். பேட்டரியைப் பின்பக்கக் கட்டிலடியில் வைக்க ஆசைப்படுபவர்கள் ஒரு தராசைத் தேடுவது நல்லது.

லித்தியம் இழுக்கும் வேகத்தில் வண்டியின் ஆல்டர்னேட்டர் எரிந்துவிடும் என்ற பயம் அநேகமாக மோட்டார்ஹோம்காரர்களுடையது. பிக்கப்பின் 7-பின் பிளக் வழியாக வரும் வயர் மெல்லியது, நீளமானது. 10 ஆம்ப் வந்தாலே சந்தோஷம். ஓட்டும்போது நிஜமாகவே ஏற வேண்டுமென்றால் தடித்த கேபிளும் டிசி-டிசி சார்ஜரும் வேண்டும்.

ஃப்யூஸில் மட்டும் சிக்கனம் கூடாது. ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்ப்பைக் கொட்டும், சாதாரண ஃப்யூஸ் உருகினபின்னும் இடைவெளியில் வில்போல் தீப்பொறி பாயலாம். கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ், பேட்டரியின் பாசிட்டிவுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில். 2000 வாட் இன்வெர்ட்டர் முழு வேலையில் 180 ஆம்ப்பைத் தாண்டும். சில நிமிடம் லோடு கொடுத்து, அணைத்து, கேபிள் முனைகளில் உள்ள லக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றவற்றைவிடச் சுடும் லக்கில் கிரிம்ப் சரியில்லை.

*

பேனல், ஒருவழியாக. குவார்ட்ஸைட்டில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 33 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனலுக்குப் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே பேனலைத் தரையில் தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்தால் கிட்டத்தட்ட முழுதும். அதோடு கூரையில் ஏ.சி. பெட்டியின் நிழல் வேறு. கூரையில் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு திருகுக்கும் கீழே பியூட்டைல் டேப், மேலே லேப் சீலன்ட். ட்ரெய்லர்களைக் கொல்வது மழைநீர். ஓட்டும்போதும் சார்ஜ் வேண்டும், திருட்டுப் பயமும் உண்டு என்பவர்களுக்குக் கூரை சரி. நான் இரண்டு மடக்குப் பேனல்களோடு நிற்கிறேன்.

பக்கவாட்டில் 'சோலார் ரெடி' என்று ஒரு துளை இருந்தால் மல்டிமீட்டர் வைக்காமல் எதையும் செருக வேண்டாம். பிளஸ், மைனஸ் ஒவ்வொரு தயாரிப்பில் ஒவ்வொரு விதம். உள்ளே ஏற்கெனவே கன்ட்ரோலர் இருந்தால் பேனலோடு வந்த கன்ட்ரோலரைக் கழற்றிவிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆகாது.

*

சீசன் முடிந்து நிறுத்தும்போது: லெட்-ஆசிட் நிறைவாக, லித்தியம் பாதியாக. டிஸ்கனெக்ட் சுவிட்சைத் திருப்பினாலும் சில வண்டிகளில் கேஸ் டிடெக்டர் நேராகப் பேட்டரியிலிருந்தே இழுக்கும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றுவதுதான் நிச்சயம். மறுபடி கிளம்பும் நாளில் அதை மாட்ட மறக்கக் கூடாது. ஓடும்போது ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டால் பிரேக்அவே பின் உருவிக்கொண்டு சக்கரங்களைப் பிடிப்பது இந்தப் பேட்டரியால்தான். 7-பின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தப் பின்னை இழுத்து, வண்டியை ஓரடி நகர்த்திப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அன்று பயணம் கிடையாது.