கிழக்குக் கரையில் நிற்க வேண்டும்

பறக்கும் பறவையைப் படமெடுக்கப் பழக விரும்புகிறவர்களை நான் முதலில் ஏரிக்கு அனுப்புவதில்லை. உழவு நடக்கும் காட்டுக்குத்தான் அனுப்புவேன். சேலம், நாமக்கல் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய காட்டில் டிராக்டர் இறங்கியதும் உண்ணிக்கொக்குகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும். கலப்பை புரட்டிய மண்ணில் புழு பூச்சி பொறுக்கும்; வண்டி நெருங்கினால் எழுந்து சற்றுத் தள்ளி இறங்கும்; அடுத்த சாலிலும் அப்படியே. மேலே மின்கம்பியில் கரிச்சானும் பஞ்சுருட்டானும் காத்திருக்கும். கலைந்து எழும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். ஆளுக்கும் வண்டிக்கும் பழகிய பறவைகள் இவை. இருபது முப்பது அடி தூரத்திலேயே பறக்கும். அந்தத் தூரத்துக்கு 250 மி.மீ. லென்ஸ் தாராளம்.

பல லட்சம் ரூபாய் லென்ஸ் இல்லாவிட்டால் பறக்கும் பறவை கிடைக்காது என்று பலரும் நம்புகிறார்கள். ஆசையோடு கேமரா வாங்கிய பிள்ளைகள் இதைக் கேட்டே சோர்ந்துபோகிறார்கள். நான் வைத்திருப்பது தொடக்கநிலை கேமராவும் 55-250 லென்ஸும். லென்ஸ் மாற்ற முடியாத நீள ஜூம் கேமராவோடு ஏரிக்கரைகளில் நல்ல படங்கள் எடுப்பவர்களையும் தெரியும். கருவி எளியதாக இருந்தால் பறவையைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இதை நான் குறையாக நினைக்கவில்லை. பறவை எப்போது எழும், எந்தப் பக்கம் திரும்பும், எங்கே இறங்கும் என்று தெரியாதவர் கையில் எந்த லென்ஸ் இருந்தும் பயன் குறைவுதான்.

தமிழில் இதற்கு முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், எழுத்தாளர், ஓவியர், காட்டுயிர்களைக் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்தவர். அவருடைய கேமரா எந்தக் கடையிலும் கிடைத்ததல்ல. ஒரு கம்பெனியின் உடல், இன்னொன்றின் தொலைநோக்கு லென்ஸ், மீதிப் பாகங்கள் அவரே இணைத்துப் பொருத்தியவை. அந்தக் கனத்த கூட்டுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். தானாக ஃபோகஸ் செய்யும் வசதியோ, நொடிக்குப் பல படங்கள் எடுக்கும் வசதியோ அதில் இல்லை. ஆனால் எதிரே இருக்கும் உயிரினம் அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய எளிய கேமராக்களில்கூட அவருக்குக் கிடைக்காத வசதிகள் பல இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால், 1882-ல் பிரான்சின் எத்தியேன் ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். பறவை எப்படிப் பறக்கிறது என்று அறியும் ஆவலில் பிறந்த கருவி அது. நொடிக்கு 12 படங்கள் எடுத்தது. நம் சாதாரண கேமராக்கள் பல இன்றும் நொடிக்கு ஐந்தாறு படங்கள்தான் எடுக்கின்றன. அதுவே போதும். ஆனால் விசையை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் கேமராவின் நினைவகம் நிரம்பித் திணறும். பறவை சிறகு விரிக்கும் நேரத்தில் விசை வேலை செய்யாது. மூன்று நான்கு படங்களாக விட்டு விட்டு எடுக்க வேண்டும்.

காற்றைப் பற்றி ஏரியில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் ஒரு பெரியவர் சொன்னது, படக்கலைப் புத்தகங்கள் எதையும்விட எனக்குப் பயன்பட்டது. “அதுக காத்துக்கு எதுத்தாப்பலதானுங்க தம்பி எந்திரிக்கும். பின்னால நின்னா வாலைத்தான் புடிக்கலாம்.” எதிர்க்காற்று சிறகைத் தூக்கிக் கொடுக்கிறது, அதனால் எழும்போதும் இறங்கும்போதும் பறவை காற்றை நோக்கியே திரும்புகிறது. இதோடு நம் ஊர்ப் பருவத்தைச் சேர்த்துப் பாருங்கள். வலசை வாத்துகள் வந்து தங்கும் மார்கழி, தை மாதங்களில் இங்கே காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலையில் வெயிலும் கிழக்கே. ஆகவே அந்த மாதங்களில் காலை நேரத்தில் கிழக்குக் கரையில், சூரியன் முதுகில் பட நின்றால், பறவை நம்மை நோக்கி எழும். அதன் முகத்திலும் மார்பிலும் வெளிச்சம் விழும். ஆடியில் இது தலைகீழ். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக அடிக்கும். அப்போது மாலையில் மேற்குக் கரைதான் நல்ல இடம். காற்றும் வெயிலும் இப்படி ஒரே பக்கம் சேர்வதைத் தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிப் பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். நம் சமவெளியில் காலை ஒன்பது மணிக்கு மேல் மண் சூடேறிக் கானல் நெளியத் தொடங்கும். கோடை என்றால் அதற்கும் முன்பே. தொலைவில் இருக்கும் பறவை அந்த நெளிவுக்குள் கரைந்து தெரியும். எவ்வளவு நீளமான லென்ஸும் அதைச் சரிசெய்ய முடியாது. விடிந்து முதல் இரண்டு மணி நேரம் விலை உயர்ந்த கருவிக்கும் எளிய கருவிக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் பறவையும் இரை தேடிச் சுறுசுறுப்பாக இருக்கும்.

பழகிக்கொள்ள உதவும் பறவைகள் நம்மிடம் நிறைய. ஜேடர்பாளையம் படுகை அணைப் பக்கம் காவிரியில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே சில நொடிகள் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்; பிறகு நேர் கீழே பாயும். அது நிற்கும் நேரத்துக்குள் ஃபோகஸ் பிடித்துவிடலாம். வெட்டவெளியில் கருந்தோள் பருந்தும் இப்படி அந்தரத்தில் நின்று எலி தேடும். சேலம் மூக்கனேரியில் 2010 வாக்கில் ஊர் மக்கள் ஒன்றுகூடித் தூர்வாரி, தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று நீர்க்காகமும் கொக்கும் திட்டுக்கும் தண்ணீருக்குமாக அலைகின்றன. கொஞ்ச நேரம் கேமராவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அவை திரும்பத் திரும்ப எந்தத் தடத்தில் போய் வருகின்றன என்பது பிடிபடும். ஏரிக்கு உயிர் கொடுத்தவர்களுக்குப் படம் எடுக்கிற எல்லாரும் நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நாமக்கல் மலைக்கோட்டை. ஒற்றைப் பாறை, செதுக்கிய படிகளில் ஏறி மேலே போனால் கள்ளப்பருந்துகள் நம் கண் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் வட்டமிடும். தரையிலிருந்து எடுத்தால் பருந்தின் வயிறு நிழலாக, வெறும் கறுப்பாகத்தான் விழும். இங்கே அதன் முதுகில் வெயில் பட்டு, இறகு இறகாகப் பழுப்பு நிறத்தின் அத்தனை சாயலும் தெரியும். பின்னால் வானத்துக்குப் பதில் நகரத்துக் கூரைகள். ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துதான் இறங்கியிருக்கிறேன்.

அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொக்கு, நாரை போல மெதுவாகச் சிறகடிப்பவற்றுக்கு ஷட்டர் நொடியில் 1,000-ல் ஒரு பங்கு போதும். வாத்துக்கு 1,600. பனை உழவாரனுக்கு 2,500-ம் பற்றாமல் போகலாம். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். புள்ளி விழுந்த படத்தைத் திருத்த முடியும், கலங்கிய படத்தைத் திருத்த முடியாது. நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கொக்குக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கவும், வானத்துப் பருந்துக்குக் கூட்டவும் வேண்டும். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

இந்தப் படங்கள் அழகுக்கு மட்டும் அல்ல. உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் அடையாளங்கள் பறக்கும்போதுதான் வெளிப்படுகின்றன. கள்ளப்பருந்தின் வால் நுனி கவைபோலப் பிளந்திருக்கும்; செம்பருந்தின் இளம் பறவையும் பழுப்பாகவே இருந்தாலும் அதன் வால் நுனி வட்டமானது. நீலச்சிறகியின் ஆண், சிறகை விரித்தால்தான் அந்தச் சாம்பல் நீலத்தை முழுதாகக் காட்டும். தெளிவில்லாத படம்கூட இவற்றுக்குச் சாட்சியாகும். இப்படி அடையாளம் கண்டதைப் பதிவு செய்யவும் வழி உண்டு. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி ‘ஈ-பேர்ட்’ தளத்தில் பதிவிட்டால் போதும். சரணாலயங்களுக்குப் போய்ப் பதிவிடுகிறவர்கள் உண்டு. தங்கள் ஊர் ஏரியையும் காட்டையும் பதிவிடுகிறவர்கள் இன்னும் வேண்டும்.

என்னைக் கோபப்படுத்தும் ஒன்றும் இந்தக் கரைகளில் நடக்கிறது. நிம்மதியாக மிதக்கும் வாத்துக் கூட்டத்தைக் கல் எறிந்தும் கை தட்டியும் கிளப்பிப் படமெடுக்கிறார்கள். இமயத்தைத் தாண்டி வந்த பறவை திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. நாம் வீணாகக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் அதன் சேமிப்பில் கை வைக்கிறோம். அப்படி எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அதைப் பாராட்டுவதில்லை.

ஆள்காட்டியின் கதை இன்னும் கொடுமை. பங்குனி, சித்திரையில் அது திறந்த காட்டில் கல்லோடு கல்லாக முட்டை இடும், பெரும்பாலும் நான்கு. நாம் நெருங்கினால் தலைக்கு மேலே வந்து கத்திச் சுற்றும், பாயும். எளிய கேமராக்காரருக்கு அவ்வளவு அருகில் வேறெந்தப் பறவையும் வராது. அதனாலேயே சிலர் அங்கேயே நின்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் அந்த முட்டைகளுக்குத் தாயின் நிழல்தான் காப்பு. நிழல் மட்டுமா, தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவை அது. நாம் படமெடுக்கும் பத்து நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. ஆகவே, ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேலே வந்து கத்தினால் கேமராவை இறக்குங்கள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.