வாயை மூடு

"நல்லாக் கடி பாப்பா" என்றார் பல் டாக்டர். மகள் கடித்தாள். "இப்போ மெதுவாத் திறந்து, மறுபடி கடி." டாக்டர் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். "பாருங்க. கீழ்த்தாடை நேராத்தான் மேல வருது. பல்லு நுனி தட்டின உடனே இடது பக்கம் நழுவிடுது. அப்பத்தான் அவளால கடிக்க முடியுது."

பார்த்தேன். எட்டு வயதுப் பெண்ணின் மோவாய், கடைசி நொடியில், யாரோ லேசாகத் தள்ளியதுபோல் இடப்பக்கம் போய் நின்றது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கும் இப்படித்தானே? சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா?"

என் முகத்தைப் பற்றி நாற்பத்திரண்டு வருடங்களில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். அதை என் மூச்சோடு சேர்த்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

எங்கள் வீட்டில் அதற்கு வீசிங் என்று பெயர் இல்லை. இளைப்பு. கோவைப் பக்கம், மில்லைச் சுற்றி வளர்ந்த ஊர். அம்மா மில்லில் கோன் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது முடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மார்கழியில் எனக்கு இளைப்பு வந்தால் இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து, என்னை உட்கார்த்திவைத்து, தானும் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். விடிந்ததும் டாக்டரிடம் ஒரு டெரிஃபிலின் ஊசி. அன்று சாயங்காலம் மறுபடி ஷிஃப்ட். "பொம்பள வேலைக்குப் போனா புள்ளைக்கு இப்படித்தான்" என்று பக்கத்து வீட்டில் பேசியது எனக்கே கேட்டது. அம்மாவுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

இளைப்பு இல்லாத நாட்களிலும் மூக்கு அடைத்தே இருக்கும். தும்மல், சளி, இரவில் குறட்டை. மூக்கு வேலை செய்யாததால் வாய் வழியாகத்தான் மூச்சு. வாய் எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும். அதனால் நான் சிறுவயதில் அதிகம் கேட்ட சொல், "வாய மூடு". ஈ பூந்துரும், வாய மூடு. பொட்டப்புள்ள வாயைப் பொளந்துட்டு நிக்கறதப் பாரு, வாய மூடு. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், வாய் திறந்திருக்கும் பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்று முடிவுகட்டி என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். பேசினாலும் அதே சொல், மூச்சு விட்டாலும் அதே சொல். மூக்கு ஏன் அடைத்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நுரையீரலில் இருக்கும் நோய் தாடையை எப்படித் திருப்பும் என்று நானும் கேட்டேன். ஆஸ்துமா நேராக எலும்பை வளைப்பதில்லை என்றார் டாக்டர். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு மூக்கிலும் ஒவ்வாமை இருக்கும். சிலருக்கு மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கும். வாயை மூடியிருக்கும்போது நம் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கிறது; வளரும் மேல்தாடைக்கு அது உள்ளிருந்து ஒரு தாங்கல். வாய் வழியாக மூச்சுவிட நாக்கு கீழே இறங்கியாக வேண்டும். தாங்கல் போய்விடுகிறது. வெளியிலிருந்து கன்னத் தசைகள் அழுத்துவது மட்டும் நிற்பதில்லை. வருடக்கணக்கில் இப்படி இருந்தால் மேல்தாடை குறுகுகிறது, அண்ணம் குழிந்து உயர்கிறது, முகம் நீளமாகிறது. குறுகிய மேல்தாடையும் அகலம் குறையாத கீழ்த்தாடையும் பொருந்தாது. அளவு சேராத டப்பா மூடியை ஒரு பக்கமாகத் தள்ளி மூடுவோமே, அதுபோல அந்தப் பிள்ளை தாடையை ஒரு பக்கம் தள்ளிக் கடிக்கப் பழகுகிறது. முதலில் அது வெறும் பழக்கம்தான். வளர வளர எலும்பே அப்படி அமைந்துவிடலாம்.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் அவர் சொன்னார். தாடையின் அமைப்பு பரம்பரையாகவும் வரும். வாய்மூச்சுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில் பல் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எகில் ஹார்வோல்ட் என்பவர் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குக் குட்டிகளின் மூக்கைச் சிலிக்கான் அடைப்பால் அடைத்துப் பார்த்த சோதனைகளைப் பற்றிப் பிறகு படித்தேன். 1981இல் வந்த கட்டுரை அது. குரங்குகள் எல்லாம் ஒரே மாதிரி மாறவில்லை. ஒன்று தாடையைத் தாழ்த்தி மூச்சுவிட்டது, இன்னொன்று முன்னால் தள்ளியது. எது எப்படிச் சமாளித்ததோ அதற்கேற்ப முகம் மாறியது. படித்து முடிக்கவே எனக்கு மனசில்லை. அந்தக் குட்டிகளை யாரும் வாயை மூடு என்று அதட்டியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது.

பெரியவளானதும் என் இளைப்பு வீட்டு ரகசியமாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு மார்புநோய் டாக்டர் நீல நிற இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். வீட்டில் பயம். "இழுத்துப் பழகிட்டா விடாது." "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல பட்டா?" மெடிக்கல் ஷாப்காரர் நாப்கினைச் சுற்றித் தரும் அதே நியூஸ்பேப்பரில் இன்ஹேலரையும் சுற்றித் தந்தார். அம்மாதான் அப்படிக் கேட்டு வாங்கினாள். இரண்டும் பீரோவில் ஒரே மூலையில், உள்பாவாடைகளுக்கு அடியில் இருந்தன. மூச்சு திணறும்போது பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு இழுத்துவிட்டு வருவேன்.

இளைப்பை ஒளிக்க முடிந்தது, முகத்தை ஒளிக்க முடியவில்லை. ஜாதகத்தோடு அனுப்ப எடுத்த போட்டோவுக்கு ஸ்டுடியோக்காரர் என் தாடையை விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "முக்கால் சைடா எடுத்துக்கலாங்க, நேராப் பாத்தா தெரியுது" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. ஒரு மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி, கேசரி எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு தரகர் வந்தார். "பொண்ணு குணமெல்லாம் பிடிச்சிருக்குங்களாம். வாய்தான் கொஞ்சம் கோணலாத் தெரியுதாம்." குணத்தை அரைமணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கல்யாணம் நடந்தது. மூன்றாவது மாதம், வீடு வெள்ளையடிக்கும்போது இளைப்பு வந்தது. பீரோவிலிருந்து இன்ஹேலர் வெளியே வந்தது. அதன் பிறகு நடந்த பேச்சுகளை எழுதப் போவதில்லை. கணவர் என் பக்கம் நின்றார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு மூன்று வயதில் வீசிங் வந்தபோது இந்த வீட்டில் ஒளித்தல் இருக்காது என்று உறுதியெடுத்தேன். ஆனாலும் இன்ஹேலரை எதிர்க்காத சொந்தம் இல்லை. "ஸ்டீராய்டாமே?" "வளர்ந்தா தானாப் போயிரும்." "ஹைதராபாத்துல மிருகசீரிஷத்துக்கு மீன் மருந்து தராங்களாம், கூட்டிட்டுப் போ." நான்கு வருடம் இந்தப் பேச்சுக்கு நடுவில் தடுப்பு இன்ஹேலரைக் கொடுப்பதும் நிறுத்துவதுமாக நானே இருந்தேன். இரவில் கொஞ்சம் நன்றாகத் தூங்கினால் இனி வேண்டாம் என்று எடுத்துவைத்துவிடுவேன். இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

இப்போது தாடை விஷயம் தெரிந்ததும் அதே சொந்தங்கள் மாறிப்போனார்கள். "பொம்பளப் புள்ள, மூஞ்சி முக்கியம். எவ்வளவு ஆனாலும் பண்ணிருங்க." மாமியார் தன் சீட்டுப் பணத்தை எடுத்துத் தர முன்வந்தார். மாதம் சில நூறு ரூபாய் இன்ஹேலருக்கு இல்லாத மனசு, பல்லுக்குப் பல ஆயிரம் ரூபாய்க்கு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பல் டாக்டர் "சரிபண்ணிடலாம்" என்று சொன்னபோது என் மனதில் முதலில் ஓடியதும் இவள் மூச்சு இல்லை. அந்த முக்கால் சைடு போட்டோதான்.

டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் மூக்கு டாக்டர், மார்பு டாக்டர். மூக்கடைப்பு தொடர்ந்தால் பல்லைச் சரிசெய்தும் நிற்காது என்றார். மூக்குக்கு ஸ்ப்ரே, ஸ்பேசர் வைத்து இன்ஹேலர், இழுத்த பிறகு வாய் கொப்பளிப்பது என்று நான்கு மாதம் போனது. அதன் பிறகுதான் மேலண்ணத்தில் ஸ்க்ரூ வைத்த ஒரு கருவியைப் பொருத்தினார். மேல்தாடையின் இரண்டு பாதிகளும் இந்த வயதில் முழுதாக இறுகியிருக்காது, மெல்ல விலக்கலாம். "இதனால ஆஸ்துமா போகாது, அதையும் எதிர்பார்க்காதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். என்னுடையதைக் கேட்டேன். பெரியவர்களுக்கு அந்த இணைப்பு இறுகியிருக்கும், பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் என்றார். அன்று இரவு கண்ணாடி முன் பாதி முகத்தை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். பிறகு மற்ற பாதியை. இரண்டும் எனக்குப் பழக்கமான முகங்கள்தான்.

இரவில் மகள் என் மடியில் தலைவைத்துப் படுக்கிறாள். டார்ச்சை வாயில் அடித்து, குட்டிச் சாவியைத் துளையில் விட்டு ஒரு திருப்பு திருப்புகிறேன். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். காலண்டரில் அவளே கோடு போடுகிறாள். இரண்டாவது வாரம் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அது தானாகச் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு அதற்குள் நாக்கை விடுவது விளையாட்டாக இருந்தது.

போன ஞாயிறு என் தம்பியின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தாள். வாசலில் கார் சத்தம் கேட்டதுமே அம்மாவின் கை டிவி மேல் இருந்த இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்து மேசை டிராயருக்குள் தள்ளியது. நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மகள் வெளியே விளையாடிவிட்டு இளைக்க இளைக்க உள்ளே வந்தாள்.

"அம்மிச்சி, என்னோட பஃப் எங்க வெச்சீங்க?"

கூடம் முழுக்கக் கேட்டது. சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் டிராயரைத் திறந்தாள்.